மின்சார பக்கி வாங்கலாமா? டொங்காட் தங்கச்சிக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டிலிருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து காய்கறி வியாபாரத்தை இவரே நடத்துகிறார். விடியற்காலை இரண்டரைக்குக் கிளம்பி டர்பன் வார்விக்கில் இருக்கும் காலைச் சந்தைக்குப் போகிறார், கறிவேப்பிலையும் கீரையும் முருங்கைக்காயும் இறக்குகிறார், திரும்பும் வழியில் பீனிக்ஸ், வெருலம் வாடிக்கை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு மதியம் 12 மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். நாளைக்கு 110 கிலோமீட்டர். வாரத்தில் ஒரு நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓட்டம், போக வர 240. ஞாயிறு லீவு. பதினெட்டு வருஷத்து டீசல் பக்கி (பின்னால் திறந்த தொட்டி உள்ள சின்னச் சரக்கு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இப்போது எண்ணெய் குடிக்கிறது, கியர் பாக்ஸும் முனகுகிறது. மகன், அமெரிக்க மின்சார டிரக்கின் வீடியோவைக் காட்டி "அதை வாங்கு அம்மா" என்கிறான். கொழுந்தனார், "பேட்டரி டர்பன் வெயிலில் பற்றிக்கொள்ளும், லோட் ஷெட்டிங் வந்தால் வீட்டில் உட்காரவேண்டியதுதான்" என்கிறார், முறைவைத்துக் கரண்டை நிறுத்துவதைச் சொல்கிறார். வீட்டில் சிங்கிள் ஃபேஸ், 60 ஆம்ப். கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார், அதைக் கடைசியில் பார்ப்போம்.

தங்கச்சி, முதலில் ஒன்று. என் மச்சான் ஊரிலிருந்து முதல்முறை வந்தபோது, "என் பக்கியை எடுத்துக்கொண்டு வா" என்று ஒரு வாடிக்கையாளர் போனில் சொன்னதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். ஊரில் பக்கி என்றால் எதைக் கண்டாலும் விழுங்குகிற ஆள். நல்ல பெயர்தான் வைத்திருக்கிறோம், உங்கள் பதினெட்டு வருஷத்துப் பக்கி இப்போது அப்படித்தானே நடந்துகொள்கிறது.

மகனுக்குப் பதில் சொல்வது சுலபம். அவன் காட்டிய ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், ரிவியன், டெஸ்லா சைபர்டிரக் எல்லாம் இடதுகைப் பக்கம் ஸ்டியரிங் வைத்தவை. இந்த நாட்டில் 2004-க்குப் பிறகு அப்படிப்பட்ட வண்டியைச் சாதாரண ஆள் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. யாராவது "நான் பேப்பர் போட்டுத் தருகிறேன்" என்று வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இன்னொரு சங்கதி, லைட்னிங் பாரத்தோடு சேர்த்து 3,500 கிலோவைத் தாண்டும் வண்டி, உங்களிடம் இருக்கும் கோட் 08 லைசென்சில் அதை ஓட்டவே முடியாது. ஆகவே அந்த வீடியோவைப் பார்த்து ரசிக்கட்டும், அதோடு சரி.

இங்கே கிடைப்பது என்ன? முழு மின்சாரத்தில் ஓடும் டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள பக்கி) என்றால் மேக்ஸஸ் டி90 2023-ல் இங்கே வந்தது. பேட்டரி சுமார் 88 யூனிட், பின் சக்கரத்துக்கு மட்டும் மோட்டார். சீனாவிலிருந்து வேறு சிலவும் வரத் தொடங்கியிருக்கின்றன. பிஒய்டி ஷார்க் 6 என்பது 2025-ல் வந்தது, ஊரெல்லாம் அதைத்தான் மின்சார பக்கி என்று சொல்கிறார்கள், ஆனால் அது பாதி மின்சாரம் பாதி பெட்ரோல். 30 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான பேட்டரியும் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் சேர்ந்தது. பேட்டரியில் மட்டும் ஓட்டினால் நிஜத்தில் 80 கிலோமீட்டர் போனால் பெரிசு, அப்புறம் பெட்ரோல். அதைக் குறை சொல்லவில்லை, நல்ல வண்டி. ஆனால் அது ஏற்றுகிற பாரம் 790 கிலோ. நீங்கள் மழை நாளில் ஈரத்தோடு ஏற்றுகிற பூசணிக்காயையும் மூட்டைகளையும் எடைபோட்டுப் பார்த்ததுண்டா? ஃபோர்டு ரேஞ்சர் பிளக்-இன் வண்டியை நம் பிரிட்டோரியா சில்வர்ட்டனிலேயே செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள், அதுவும் பாதி மின்சாரம் பாதி பெட்ரோல்தான், அதன் பேட்டரி 12 யூனிட்டுக்கும் குறைவு, உங்கள் ஓட்டத்துக்கு அது வெறும் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி.

எந்த வண்டியானாலும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கைப் பாருங்கள். மொத்த எடை அனுமதி ஒன்று இருக்கும், வெறும் வண்டி எடை ஒன்று இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பாரம், அதிலும் உங்களையும் உதவிக்கு வரும் பையனையும் கழிக்கவேண்டும். மின்சார வண்டியில் பேட்டரியே பல நூறு கிலோ தின்றுவிடும். விற்கிறவர் "ஒரு டன் அம்மா, ஒரு டன்" என்றால் டிஸ்கைக் காட்டச் சொல்லுங்கள். வருஷா வருஷம் கட்டும் லைசென்ஸ் பணமும் வெறும் வண்டி எடையை வைத்துத்தான், அது கொஞ்சம் கூடும்.

இனி கணக்கு. பாரத்தோடு ஓடும் மின்சார பக்கி 100 கிலோமீட்டருக்குச் சுமார் 28 யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். விளம்பரத்தில் இதைவிடக் குறைவாகத்தான் போட்டிருப்பார்கள், விளம்பரத்தில் யாரும் முருங்கைக்காய் ஏற்றுவதில்லை. உங்கள் 110 கிலோமீட்டருக்கு 31 யூனிட். சார்ஜ் ஏற்றும்போது வயரிலும் சார்ஜரிலும் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 34 யூனிட். யூனிட்டுக்கு 3 ராண்ட் என்று போட்டால் (உங்கள் ரசீதில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்) நாளைக்கு 102 ராண்ட். டீசலில் அதே தூரத்துக்கு 11 லிட்டர், லிட்டர் 20 ராண்ட் என்றால் 220. மிச்சம் 118 ராண்ட். மாசம் 26 நாள் ஓடினால் மூவாயிரத்துச் சொச்சம். எண்ணெய் மாற்றுவது, டீசல் ஃபில்டர், பெல்ட், கிளட்ச் இதெல்லாம் இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும்.

இந்த மூவாயிரத்தை வைத்துக்கொண்டு விற்கிறவரிடம் போங்கள். அதே அளவு புது டீசல் பக்கிக்கும் மின்சார பக்கிக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம் ராண்ட் என்றால், அது திரும்பி வர 100 மாசம், அதாவது எட்டு வருஷத்துக்கு மேல். வித்தியாசம் ஒரு லட்சம் என்றால் மூன்று வருஷம்கூட ஆகாது. இதை முகத்துக்கு நேராகச் சொல்கிறேன், ஏனென்றால் "டீசல் காசு மிஞ்சும், வண்டி தன் விலையைத் தானே கட்டிவிடும்" என்று சொல்லித்தான் எல்லோரும் விற்கிறார்கள். கட்டும், எப்போது என்பதுதான் கேள்வி. கடனில் எடுத்தால் வட்டியும் உண்டு. இன்ஷூரன்ஸ் என்ன கேட்கிறார்கள் என்று வண்டிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்குங்கள், பின்னால் கேட்டுத் திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கொழுந்தனாரின் பயத்துக்கு வருவோம். அவர் தப்பான விஷயத்துக்குப் பயப்படுகிறார். டர்பன் வெயில் 32, 35 டிகிரி, அதற்கெல்லாம் பேட்டரி அசராது, பேட்டரியைக் குளிரவைக்கத் தனிக் குழாயும் ஏசியும் இருக்கிறது. அதிலும் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி என்றால் எளிதில் பற்றாது, பிஒய்டி பிளேடு பேட்டரியெல்லாம் அந்த வகைதான். பயப்படவேண்டியது வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்குக்குத்தான்.

என் பட்டறைக்குப் போன வருஷம் ஒருவர் கறுத்து உருகிப்போன மூன்று கம்பித் தடி பிளக்கைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மின்சாரக் கார் வாங்கி, வண்டியோடு வந்த ஒயரை அடுப்படி பாயிண்டில் செருகி, நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் ரீல், அதுவும் சுற்றியபடியே, ராத்திரி முழுக்க. கெட்டில் மூன்று நிமிஷம் கொதித்து நின்றுவிடும். வண்டி அப்படியில்லை, பத்து மணி நேரம் ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும். முப்பது வருஷத்துப் பழைய பாயிண்டில் உள்ளே ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், அந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும், இன்னும் சூடாகும். சுற்றிய ரீலில் சூடு வெளியே போக வழியில்லை. அவர் வீட்டில் கருகல் வாசனைக்கு ஆயா எழுந்து மெயினை அணைத்ததால் தப்பித்தார்கள். ஆயா இல்லாத வீடாக இருந்தால்?

ஆகவே வண்டி வாங்குவதற்கு முன்னால் வயரைப் பாருங்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். டிபி போர்டிலிருந்து (வீட்டு பிரேக்கர்களெல்லாம் இருக்கும் பெட்டி) வண்டி நிற்கும் இடத்துக்குத் தனி லைன், தனி பிரேக்கர், தனி எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்), சுவரில் மாட்டும் சார்ஜர். வீட்டில் இருக்கும் எர்த் லீக்கேஜ் போதாதா என்று கேட்பீர்கள். அது வீட்டில் ஓடும் மாறுமின் கசிவைப் பிடிக்கும். வண்டிச் சார்ஜரில் நேர்மின் (பேட்டரியில் இருக்கும் டிசி கரண்ட்) கசிவு கொஞ்சம் வந்தால் பழைய வகை எர்த் லீக்கேஜ் மந்தித்துப்போய், நிஜமாகவே ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போது விழாமல் இருந்துவிடும். 6 மில்லியாம்ப் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் சார்ஜரா என்று கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனிடமிருந்து வேலை விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சிஓசி சான்றிதழ் வாங்கவேண்டும், அது சட்டம். அது இல்லாமல் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

60 ஆம்ப் போதுமா? 60 ஆம்ப் என்றால் 13.8 கிலோவாட். கீஸர் 3, அடுப்பும் ஓவனும் சேர்ந்து 6, கெட்டில் 2. இதற்கு மேல் 32 ஆம்ப் சார்ஜர் 7.4 கிலோவாட் இழுத்தால் 18-ஐத் தாண்டுகிறது, சாயங்காலம் சோறு வடிக்கும் நேரத்தில் மெயின் விழும், வீட்டில் எல்லோரும் வண்டியைத் திட்டுவார்கள். ஆனால் உங்களுக்கு அவ்வளவு வேகம் எதற்கு? இங்கேதான் உங்கள் தொழிலே உங்களுக்குக் கைகொடுக்கிறது. மதியம் 12-லிருந்து விடியற்காலை இரண்டு மணிவரை உங்கள் வண்டி சும்மா நிற்கிறது, 14 மணி நேரம். ஆபீசுக்குப் போகிற யாருக்கும் இந்த வசதி இல்லை. 32 ஆம்ப் சார்ஜரையே வாங்கி உள்ளே 16 ஆம்புக்குக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், 3.7 கிலோவாட். 34 யூனிட் ஏற ஒன்பது மணி நேரம் போதும். வண்டியோடு வரும் ஒயரில் 10 ஆம்பில் ஏற்றினால் 15 மணி நேரம் ஆகும், உங்கள் 14-க்குள் அடங்காது. அடங்கினாலும் அந்த உருகின பிளக் கதையை மறுபடி படியுங்கள்.

லோட் ஷெட்டிங்கும் இதே கணக்கில் அடிபட்டுப் போகிறது. 14 மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் கரண்ட் போனாலும் பதினொன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது. 2023-ல் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை, 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாசம் போல விளக்கு அணையாமல் இருந்து, 2025 ஜனவரி கடைசியில் மறுபடி வந்ததையும் மறக்கவில்லை. அதனால் வராது என்று சொல்லமாட்டேன், வந்தாலும் உங்கள் வியாபாரம் நிற்காது என்றுதான் சொல்கிறேன். கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் தாவும், அதற்கு டிபி போர்டில் சர்ஜ் பாதுகாப்பு ஒன்று போடுங்கள், சார்ஜரை ஐந்து நிமிஷம் கழித்துத் தொடங்கும்படி வையுங்கள். டொங்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துப்போய் மாசக்கணக்கில் வாளியோடு வரிசையில் நின்ற ஊர் அது, ஒரு வசதி போனால் இன்னொன்று கையில் இருக்கவேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அந்த அனுபவம்தான் பழைய டீசலை உடனே விற்றுவிடாதீர்கள் என்று நான் சொல்லப்போவதற்கும் காரணம்.

கூரையில் சோலார் போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. 5 கிலோவாட் பேனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 20 யூனிட் தரும், அதில் மதியத்துக்குப் பிறகு உங்களுக்குக் கிடைப்பது எட்டு, ஒன்பது யூனிட், நாள் தேவையில் நாலில் ஒரு பங்கு. நவம்பர், டிசம்பர் மழை மேகத்தில் அதுவும் குறையும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இதற்காகக் கடன் வாங்காதீர்கள். இருக்கும்பட்சத்தில் சார்ஜரை இன்வெர்ட்டர் பேட்டரிப் பக்கம் மாட்டாதீர்கள், வீட்டுக்கு வைத்திருக்கும் 5 யூனிட் பேட்டரியை வண்டி ஒன்றரை மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். வண்டியிலிருந்தே வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாமே என்று மகன் கேட்பான், ஷார்க்கில் 6.6 கிலோவாட் வரை எடுக்க வசதி இருக்கிறது. ஃப்ரிட்ஜை, விளக்கை நேராக வண்டியில் செருகி ஓட்டுங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயர் செய்து வீட்டுப் பாயிண்டில் செருகுகிற வேலை வேண்டவே வேண்டாம். அந்த ஒயர் கழன்று கையில் பட்டாலோ, தெருவில் லைன் வேலை செய்கிறவன் மேல் கரண்ட் திரும்பிப் பாய்ந்தாலோ உயிர் போகும். வண்டிக் கரண்டையும் தெருக் கரண்டையும் ஒன்றாகச் சேரவிடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டு எலெக்ட்ரீஷியன் செய்து தரட்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நாள் கொஞ்சம் இழுபறி. 240 கிலோமீட்டருக்கு 67 யூனிட். மேட்டைச் சேர்க்கவேண்டும்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் ஏறுகிறீர்கள், பாரத்தோடு மூன்று டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க 5 யூனிட் போகும். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பி வரும், மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பிடிக்கும். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் சூடாகி லாரிகள் என்ன பாடுபடுத்தின என்று நமக்குத் தெரியும், அந்த இடத்தில் இது நிஜமான வரம். ஒரு எச்சரிக்கை, மலை உச்சியில் பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் திரும்பி வரும் கரண்டுக்கு இடமில்லை, பிடிப்பு குறையும், அப்போது கால் பிரேக்தான். ஆக 70 யூனிட் போல, மேக்ஸஸின் 88-ல். வண்டி புதுசாக இருக்கும்போது போய் வந்துவிடலாம், ஐந்தாறு வருஷத்தில் பேட்டரி 80 சதவீதத்துக்கு இறங்கினால் மூச்சு முட்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் சரக்கு இறக்கி, டீ குடிக்கிற அரைமணி நேரம் வேகச் சார்ஜரில் போடப் பழகிக்கொள்ளுங்கள், 40 கிலோவாட் கொடுத்தாலே 20 யூனிட் ஏறிவிடும். வீட்டைவிட யூனிட் விலை நன்றாகவே கூட இருக்கும், வாரம் ஒருமுறை என்பதால் பரவாயில்லை. அந்த ஓட்டத்தை சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காலியான பேட்டரியை 16 ஆம்பில் நிரப்ப ஒரு நாள் ஆகும், ஞாயிறு உங்களுக்கு லீவு, வண்டிக்குச் சாப்பாடு. என்3 நெடுஞ்சாலையில் 120-ல் போகாமல் 100-ல் போங்கள், காற்றின் எதிர்ப்பு 120-ல் 44 சதவீதம் கூடுதல், பின்னால் தார்ப்பாய் படபடத்தால் இன்னும் மோசம்.

ஜோஹானஸ்பர்க் கல்யாணத்துக்கு அதிலேயே போகலாமா என்றால், போகலாம், 570 கிலோமீட்டர், வழியில் இரண்டு இடத்தில் நின்று. 1,750 மீட்டர் ஏற்றம் வேறு. எனக்கென்றால் மகனின் காரில் போவேன்.

ரிப்பேர் பற்றி ஆறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், எனக்குச் சோறு போடுகிற விஷயம் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். மின்சார வண்டி வழியில் நின்றால் பத்துப் பேரும் பெரிய பேட்டரியைத்தான் சந்தேகிப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பழைய 12 வோல்ட் பேட்டரியை. அது இந்த வண்டியிலும் இருக்கிறது. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சை இழுப்பது அந்தச் சின்ன பேட்டரிதான், அது செத்தால் 88 யூனிட்டும் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் பணம். ஒரு பூக்கடைக்காரரின் மின்சார வேன் இப்படி நின்றது, எங்கோ காட்டியதில் பெரிய பேட்டரியையே மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருந்தார்கள், மனுஷன் அழாத குறையாக வந்தார். நான் மாற்றியது 12 வோல்ட் பேட்டரி. மூன்று, நாலு வருஷத்துக்கு ஒருமுறை கேட்காமலே மாற்றிவிடுங்கள்.

ஆரஞ்சு நிற ஒயர் எதையும் நீங்களோ, தெருமுனை மெக்கானிக்கோ தொடக்கூடாது. உள்ளே 350, 400 வோல்ட் நேர்மின். வண்டியை அணைத்த பிறகும் சில நிமிஷம் உயிரோடு இருக்கும். அதற்குப் பயிற்சி உள்ளவர், தனிக் கையுறை, பூட்டு எல்லாம் வேண்டும். பேட்டரியைக் குளிர்விக்கும் தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதற்குத் தனி திரவம் உண்டு. ஆனால் டயர், பிரேக், புஷ், ஷாக், பேரிங் எல்லாம் பழைய பக்கி போலத்தான், எந்த நல்ல மெக்கானிக்கும் செய்யலாம். டயர் சீக்கிரம் தேயும், வண்டி கனம், மிதித்தவுடன் முழு விசை. சரக்கு வண்டி டயர்தான் போடவேண்டும், அழகுக்கு வேறு போடாதீர்கள். பிரேக்கில் எதிர்பாராத தொல்லை ஒன்று உண்டு: மோட்டாரே வண்டியைப் பிடிப்பதால் பிரேக் பேடுக்கு வேலை குறைவு, வேலையில்லாத பிரேக் நம் கடற்காற்றில் துருப்பிடிக்கும், கேலிப்பர் பின் இறுகும். டீசலில் தேய்ந்துபோன பிரேக்கை மாற்றினேன், இதில் தேயாமலே துருப்பிடித்த பிரேக்கை மாற்றுகிறேன். வருஷம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள், அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பேட்டரிப் பெட்டியின் போல்ட்டெல்லாம் அங்கேதான்.

வழியில் நின்றால் முதலில் வந்து நிற்கிற டோ டிரக்காரன் கொக்கி மாட்டி இழுக்க அவசரப்படுவான். விடாதீர்கள். சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் கரண்ட் உண்டாக்கி உள்ளே கெடுக்கும், தட்டையான லாரியில் நாலு சக்கரத்தையும் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும். வெள்ளத்தில் பேட்டரி வரை முங்கினால் சார்ஜில் போடாதீர்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள், வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தி, விற்றவரைக் கூப்பிடுங்கள்.

பேட்டரி ஆயுள் உங்கள் கையிலும் இருக்கிறது. இரும்பு பாஸ்பேட் வகை என்றால் வாரம் ஒருமுறை நூறு சதவீதம் நிரப்புங்கள், இல்லாவிட்டால் வண்டிக்குத் தன் வயிற்றில் எவ்வளவு இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் போகும். நிக்கல் வகை என்றால் அன்றாடம் 80 போதும். எந்த வகை என்று விற்கிறவருக்கே தெரியாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். கேரண்டி பொதுவாக எட்டு வருஷம் என்பார்கள், அந்தக் காகிதத்தில் இரண்டு வரியைத் தேடுங்கள்: பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், வியாபாரத்துக்கு ஓட்டினால் கேரண்டி செல்லுமா. உங்கள் வண்டி வருஷத்துக்கு 40,000 கிலோமீட்டர் ஓடும், கிலோமீட்டர் வரம்பு எட்டு வருஷத்துக்கு முன்பே முடிந்துவிடலாம். பின்விளக்கு ஒன்று உடைந்தால் டர்பனில் இருக்கிறதா, கப்பலில் வரவேண்டுமா என்றும் கேளுங்கள். எங்கள் பட்டறையில் ஒரு புது வண்டி கண்ணாடி ஒன்றுக்காக ஏழு வாரம் நின்றது. அதை ஓட்டுகிறவருக்கு அந்த ஏழு வாரமும் வருமானம் இல்லை.

என் தீர்ப்பு கேட்டீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு முழு மின்சார பக்கி பொருந்துகிறது, நான் பார்த்த பலரைவிட நன்றாகவே. ஆனால் அடுத்த வாரம் வாங்காதீர்கள். முதலில் ஒரு மாசம் நோட்டுப் போடுங்கள், தினமும் கிலோமீட்டர், ஏற்றின எடை, வீடு வந்த நேரம். அந்த மாசத்துக்குள் எலெக்ட்ரீஷியன் வந்து டிபி போர்டைப் பார்க்கட்டும். விற்கிறவரிடம் ஒரு நாள் வண்டியைக் கேட்டு வாங்கி, நிஜச் சரக்கோடு நிஜமாகவே இரண்டரைக்குக் கிளம்பி வார்விக் போய் வாருங்கள், ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டுவதெல்லாம் கணக்கில் சேராது. தரமாட்டேன் என்றால் அந்த ஆளிடம் வாங்கவேண்டாம். பழைய டீசலை ஒரு வருஷம் வைத்திருங்கள், விற்றாலும் பெரிசாக ஒன்றும் வராது, புதுசு பட்டறையில் நிற்கும் நாளிலும், ஆடி மாசம் கோவில் கூழுக்கு அண்டாக்களை ஏற்றும் நாளிலும் உதவும். அந்த அண்டாவின் கரியைப் புது வண்டியில் யாராவது பூசுவார்களா?

இனி அந்தக் கடைசி வரி. "அண்ணே, பீனிக்ஸில் என் பக்கிச் சத்தம் கேட்டுத்தான் பெரியம்மாக்கள் கூடையோடு வெளியே வருவார்கள், சத்தமே இல்லாத வண்டியில் போனால் யார் வருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மெதுவாகப் போகும்போது இந்த வண்டிகள் ஒரு சின்ன முனகல் போடும், நடந்து போகிறவர்கள் ஒதுங்குவதற்காக, அது கதவு மூடிய அடுப்படிவரை எட்டாது. ஹார்ன் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். மணி கட்டுங்கள். பூஜைச் சாமான் விற்கும் கடையில் கையளவு வெங்கல மணி கிடைக்கும், பின் கதவுக் கம்பியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு தெருமுனையிலும் பையனை இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். முதல் வாரம் கோவில் வண்டி வந்துவிட்டது என்று காசு எடுத்துக்கொண்டு வருவார்கள். கீரையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.